விளம்பரக் குதிரைத்திறனும் சக்கரத் திறனும்: ஓர் அளவீட்டின் வரலாறு

1970இல் 400 குதிரைத்திறன் என்று விற்கப்பட்ட காடிலாக் எல்டொராடோ, அடுத்த ஆண்டு 365 ஆனது, 1972இல் 235. மூன்று ஆண்டும் 8.2 லிட்டர் வி8 எஞ்சின்தான். முதல் சரிவு மெய்யானது. ஈயமில்லாப் பெட்ரோலுக்குத் தயாராகும்பொருட்டு ஜெனரல் மோட்டார்ஸ் அமுக்க விகிதத்தைக் குறைத்தது. இரண்டாவது சரிவு காகிதத்தில் நடந்தது. 1971 மாடலுக்கே 365, 235 என இரண்டு எண்களையும் நிறுவனம் தந்திருந்தது. 1972இல் பெரிய எண்ணைக் கைவிட்டது, அவ்வளவுதான். அமெரிக்கக் கார்கள் திடீரென வலுவிழந்த கதையில் பெரும்பங்கு அளவுகோலுடையது.

இரண்டு எண்களுமே எஞ்சின் தண்டில் எடுக்கப்பட்டவை. 1821இல் பிரான்ஸின் காஸ்பார் த ப்ரோனி, சுழலும் தண்டைக் கட்டைகளால் இறுக்கிப் பிடித்து, அந்தப் பிடி சுழன்றுவிடாமல் நிறுத்தத் தேவைப்பட்ட எடையையும் தண்டின் வேகத்தையும் கொண்டு திறனைக் கணக்கிட்டார். பின்வந்த எஞ்சின் சோதனைகளெல்லாம் இந்த வழியில் வந்தவையே. சக்கரம் அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

பெரிய எண்ணான 365ஐத் தந்தது அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் பழைய 'மொத்த' முறை. அதில் எஞ்சினைக் கழற்றிச் சோதனை மேடையில் ஏற்றுவார்கள். ஏர் ஃபில்டர் கிடையாது, ஆல்டர்னேட்டர் சுமை கிடையாது, காரின் சைலன்சரும் கிடையாது. இக்னிஷன் டைமிங்கைக்கூட உச்சத் திறனுக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். இந்தக் கோலத்தில் எந்தக் காரும் சாலைக்கு வராது. 1960களின் குதிரைத்திறன் போட்டிக்கு இது வசதியாக இருந்தது. வேடிக்கை என்னவென்றால், எண் எப்போதும் கூட்டியே சொல்லப்படவில்லை. செவ்ரோலே கமாரோ இசட்/28க்கு 290 என்று அறிவித்தார்கள்; சோதித்தவர்கள் அதற்கு மேலாகவே கண்டார்கள். முரட்டு எஞ்சின்களுக்குக் காப்பீட்டுக் கட்டணம் ஏறிக்கொண்டிருந்த காலம் அது.

235 என்ற எண்ணைத் தந்த, 1972இல் நிலைபெற்ற 'நிகர' முறை, காரில் உள்ள துணைக்கருவிகளையெல்லாம் பொருத்தி அளந்தது. நேர்மையான முன்னேற்றம்தான். ஆனால் கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும் டயரும் இன்னமும் கணக்குக்கு வெளியே. அவற்றையும் சேர்த்துச் சக்கரத்தில் அளக்க, காரை டைனமோமீட்டர் (டைனோ) என்ற கருவியின் உருளைமேல் ஓட்ட வேண்டும். அப்போது கியர் பற்களின் உராய்வு, எண்ணெயைக் கலக்கும் வேலை, ஆட்டோமேட்டிக் வண்டியில் டார்க் கன்வெர்ட்டரின் வழுக்கல், உருளைமேல் நசுங்கும் டயர் எனத் திறன் வழிநெடுக வெப்பமாகக் கரைகிறது. கனமான டிரம்மை முடுக்கி அளக்கும் டைனோவில், சக்கரத்தையும் தண்டுகளையும் முடுக்கவும் ஒரு பங்கு செலவாகிறது.

'15 சதவீதம் கழித்துக்கொள்' என்று மெக்கானிக்குகள் சொல்வது இங்கே பொருந்தாது. இழப்பில் ஒரு பகுதி வேகத்தோடு ஏறுவது. இன்னொரு பகுதி சுமையோடு ஏறுவது. அதே கியர்பாக்ஸுக்குப் பின்னால் எஞ்சின் திறனை இரட்டிப்பாக்கினால் இழப்பும் அப்படியே இரட்டிப்பாகாது. சக்கர எண்ணிலிருந்து எஞ்சின் எண்ணைப் பின்னோக்கிக் கணக்கிடுவது ஊகமே.

இருந்தும் உருளை டைனோ ஒரு காரியம் செய்தது. ஆலைக்கு வெளியே இருந்தவர்கள் கையில் அது சாட்சியானது. 320 குதிரைத்திறன் என்று ஃபோர்டு அறிவித்த 1999 மஸ்டாங் கோப்ராவில் குறை இருப்பதை உரிமையாளர்களின் டைனோ சோதனைகள் காட்டின. ஃபோர்டு விற்பனையை நிறுத்தி, வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பாகங்களை மாற்றித் தந்தது. 2001இல் 155 என்று விளம்பரமான மாஸ்டா மியாட்டா உண்மையில் 142 என்று தெரிந்தபோது, காரையே திரும்ப வாங்கிக்கொள்ள மாஸ்டா முன்வந்தது. 2005இல் பொறியாளர் சங்கம், சுயேச்சையான சாட்சி முன்னிலையில் சோதித்துச் சான்று தரும் முறையைக் கொண்டுவந்தது. முதலில் சான்று பெற்றது கார்வெட் இசட்06இன் எஞ்சின். 500 என்றிருந்த அதன் எண் 505 ஆக உயர்ந்தது.

அந்தச் சான்றும் எஞ்சினுக்குத்தான், காருக்கு அல்ல. சக்கர எண்ணும் டைனோவுக்கு டைனோ, காற்றின் வெப்பத்துக்கேற்ப எண்ணைத் திருத்தும் கணக்குக்குக் கணக்கு மாறும். நம் ஊர் விளம்பரங்களில் புழங்கும் பி.எஸ்., பி.எச்.பி. ஆகியவையும் ஒன்றல்ல, 100 பி.எஸ். என்பது ஏறத்தாழ 98.6 பி.எச்.பி. இரண்டு வண்டிகளை ஒப்பிட விரும்புவோர், ஒரே டைனோவில், ஒரே நாளில், ஒரே திருத்தக் கணக்கில் எடுத்த எண்களை மட்டுமே ஒப்பிட வேண்டும்.