மாடக்குழியிலிருந்து டவுன்லைட் வரை

வானூர்ப் பக்கம் புதுசா கட்டுற வீடுகளில் குண்டு பல்பைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. ஜிப்சம் போர்டில் வட்டமாகத் துளை போட்டு, உள்ளே டவுன்லைட்டை அமுக்கிவிடுகிறார்கள். விளக்கு வெளியே துருத்தாது, வெளிச்சம் மட்டும் இறங்கும். நேத்து வந்த பேஷன் மாதிரி தெரியும். ஆனா விளக்கைக் கட்டடத்துக்குள்ளேயே பதிப்பது நமக்குப் பழைய பழக்கம்தான்.

பழைய வீட்டுச் சுவரில் இருக்கும் மாடக்குழியைக் கவனியுங்கள். அங்கே வைத்த அகல் காத்துக்குச் சட்டென்று அணையாது, கால் தட்டிக் கவிழாது. கரியும் பெரும்பாலும் குழிக்குள்ளேயே படியும். எரிபொருளை வீணாக்க முடியாத காலம் அது. எவ்வளவு அருமை என்றால், ராஜராஜன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் ஒரு விளக்கு நிற்காமல் எரிய 96 ஆடு, இல்லாவிட்டால் 48 பசு, அல்லது 16 எருமை கொடுத்திருக்கிறார்கள். அதற்கு ஈடாக தினம் ஓர் உழக்கு நெய் வரணும்.

பிறகு மின்சாரம் வந்தது. பைக்காரா 1932இல், மேட்டூர் 1937இல் உற்பத்தியைத் தொடங்கின. மின்விளக்கு மாடக்குழியை விட்டு வெளியே வந்து, கூரையிலிருந்து ஒயரில் தொங்கியது. மெட்ராஸ் டெரஸ் கூரையில் மர உத்திரமும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். அதைக் குடைய வழியில்லை. இன்னொரு காரணம் சூடு. குண்டு பல்பு வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே போகும். குளிர் நாடுகளில் மரக்கூரைக்குள் அப்படிப் பதித்த விளக்குகள் தீப்பிடித்ததால்தான், சூடு ஏறினால் தானே அணையும் கட்-ஆஃப் வந்தது.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது எல்இடி. வெள்ளை எல்இடிக்கு வழிவிட்ட நீல எல்இடிக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. 60 வாட் பல்பின் வேலையை 9 வாட் செய்யும்போது, விளக்கு மறுபடி குழிக்குள் போய்விட்டது.

ஆனால் மரக்காணம் உப்பளக் கரையில் ஒரு கேள்வி பாக்கி இருக்கு. உப்புக்காற்றும் ஈரமும் கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அதனால்தான் சீலிங் பெயர்ந்து விழுகிறது. முன்பெல்லாம் விரிசலும் ஈரக்கறையும் கண்ணில் பட்டு எச்சரிக்கும். பால்ஸ் சீலிங் போட்டால் அந்த எச்சரிக்கையையே மூடிவிடுகிறோம்.

அதனால் நம்ம ஊரில் டவுன்லைட் போடுகிறவர்கள் மூன்று விஷயம் பார்க்கணும். பழைய கூரை என்றால் முதலில் கசிவையும் பெயர்ந்த இடத்தையும் சரிசெய்யுங்கள். விளக்குக்காக கான்கிரீட்டைக் குடையவே கூடாது. இடமில்லை என்றால் மேலேயே ஒட்டும் சர்பேஸ் லைட் போதும். போர்டுக்கு மேலே எட்டிப் பார்க்க ஒரு திறப்பு விடுங்கள். புது வீடு என்றால், கான்கிரீட் போடுவதற்கு முன்னாடியே பைப்பும் பாக்ஸும் வைக்கச் சொல்லுங்கள்.

மாடக்குழியில் கரி படிந்தால் துடைக்கக் கை எட்டும். டவுன்லைட்டுக்கும் அந்த வசதி வேணும்.