ஒப்பந்த மீறல் வழக்கில் வக்காலத்து

வக்காலத்து என்பது, தன் சார்பில் வழக்கு நடத்த வழக்கறிஞருக்குக் கட்சிக்காரர் கையெழுத்திட்டுத் தரும் அதிகாரப் பத்திரம். இந்தியாவில் ஒப்பந்த மீறலுக்கான இழப்பீடு, 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73, 74ஆம் பிரிவுகளின்படி கோரப்படுகிறது. பொதுவாக, மீறல் நடந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். பேச்சுவார்த்தையிலேயே காலத்தைக் கழித்து உரிமையை இழப்பவர்கள் உண்டு. ஒப்பந்தப் பத்திரம், பில், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றோடும் வழக்கறிஞரைத் தொடக்கத்திலேயே பார்ப்பது நல்லது. தகராறை நடுவர் மன்றத்துக்கு அனுப்பும் ஷரத்து ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று அவர் முதலில் பார்ப்பார். இருந்தால், அதைக் காட்டி எதிர்த்தரப்பு உரிமையியல் நீதிமன்ற வழக்கைத் தடுக்கலாம். அடுத்தது வழக்கமாக வக்கீல் நோட்டீஸ். 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிகத் தகராறில், அவசர இடைக்கால நிவாரணம் கேட்காவிட்டால், வழக்குக்கு முன் சமரச முயற்சி கட்டாயம். வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு பேசி வழக்கறிஞர் கட்டணம் வாங்குவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடைசெய்கின்றன.