கன்றுக்குட்டியின் ரத்தம்

1667 டிசம்பர், பாரிஸ். புத்தி பேதலித்துத் தெருவில் திரிந்த அன்டுவான் மோருவா என்பவரின் கை நரம்பில் கன்றுக்குட்டியின் ரத்தத்தை ஏற்றினார் ஜான் பாப்டிஸ்ட் டெனி என்ற மருத்துவர். மோருவாவுக்கு ரத்தம் குறைவென்றெல்லாம் இல்லை. கன்று சாதுவான பிராணி. அதன் ரத்தம் ஏறினால் ஆளும் சாதுவாகிவிடுவான் என்ற கணக்குதான். ரத்தத்தில் குணம் ஓடுகிறது என்பதை அன்றைக்குப் படித்தவர்களே நம்பினார்கள்.

இரண்டாம் முறை ஏற்றியபோது மோருவாவுக்கு வியர்த்துக் கொட்டியது. இடுப்பு வலித்தது. சிறுநீர் புகைக்கரி கலந்ததுபோல் கறுத்தது. அந்நிய ரத்த அணுக்களை உடல் உடைத்து வெளியே தள்ளியதன் அடையாளம் அது. சில வாரங்களில் அவர் செத்துப்போனார். மனைவி விஷம் வைத்ததாகச் சொல்லி நீதிமன்றம் டெனியை விடுவித்தது. ஆனால் ரத்தம் ஏற்றும் முயற்சி சுமார் 150 வருஷம் முடங்கிக் கிடந்தது.

பிரசவத்தில் ரத்தப்போக்கால் பெண்கள் சாவதைப் பார்த்த லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பிளண்டெல், 1818இல் மனித ரத்தத்தையே மனிதருக்கு ஏற்றினார். பிறகு சிலர் பிழைத்தார்கள், சிலர் செத்தார்கள். ஏன் என்பதற்கு 1901இல் வியன்னாவின் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் விடை சொன்னார்: மனித ரத்தத்துக்குள்ளேயே வகைகள் உண்டு.

வகை என்றதும் பழைய ஆசை திரும்ப எட்டிப் பார்த்தது. அப்போ இனத்துக்கொரு ரத்தமா? முதல் உலகப்போரில் சலோனிகாவில் முகாமிட்டிருந்த சிப்பாய்களின் ரத்தத்தை ஹிர்ஸ்ஃபெல்ட் தம்பதி சோதித்தார்கள். அதில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். 1919இல் முடிவு வெளியானது. இந்தியர்களிடம் பி வகை அதிகம். ஆனால் ஏ, பி, ஏபி, ஓ நான்கும் எல்லா மக்களிடமும் இருந்தன. அளவு மட்டும்தான் மாறியது.

‘யார் சாமி பெரிசு’ என்று இரண்டு பாம்புகள் போட்ட சண்டைக்கு, பாதி சிவனாகவும் பாதி பெருமாளாகவும் நின்று சாமி பதில் சொன்ன ஊர் என்பார்கள் சங்கரன்கோவிலை. அந்தக் கதையைச் சொல்லும் நம்ம பக்கத்திலும் ‘அது அவன் ரத்தத்துலயே ஊறுனது’ என்ற பேச்சு ஓயவில்லை. சாதி மாறிக் கல்யாணம் பண்ணினால் ரத்தம் கெட்டுவிடுமாம். டெனியின் கன்றுக்குட்டி இன்னும் சாகவில்லை.

அதே ஆட்கள், வண்டி மோதிய பிள்ளையைத் திருநெல்வேலி ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால் கேட்பது ஒன்றைத்தான்: “ஓ பாசிட்டிவ் இருக்கா?” கூடப் பிறந்தவன் ரத்தம் சேராமல் போகலாம், முன்பின் தெரியாதவன் ரத்தம் சேரலாம். பையில் ரத்த வகை இருக்கும், காலாவதித் தேதி இருக்கும். கொடுத்தவன் என்ன ஆளு என்று எழுத அதில் இடம் கிடையாது.