சீசன் முடிந்த பிறகு இத்தாலிக் கடற்கரை

பேங்க்காரனுக்கு லீவு கிடைப்பது அவன் கையில் இல்லை. மார்ச்சில் வருஷக் கணக்கு, செப்டம்பரில் அரையாண்டுக் கணக்கு, நடுவில் ஆடிட், இன்ஸ்பெக்‌ஷன். மகள் மிலானுக்கு மேல்படிப்புக்குப் போய் ஒரு வருஷம் ஓடிவிட்டது. 2024 நவம்பரில்தான் எனக்கும் தங்கமணிக்கும் பத்து நாள் வாய்த்தது. "நவம்பர்ல இத்தாலி பீச்சுக்கா? எல்லாம் மூடிக் கிடக்குமே சார்" என்றார் பக்கத்து சீட் நண்பர். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மூடித்தான் கிடந்தது. படகு சர்வீஸ் நின்றுபோய், ஹோட்டல் நாற்காலிகளைக் கவிழ்த்து அடுக்கி, தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். ரூம் வாடகை மட்டும் கோடையில் மகள் விசாரித்ததில் பாதிக்கும் கீழே.

மிலானிலிருந்து தெற்கே ரயில் ஏறினால் ஜெனோவா. இது மேப்பில் பூட்ஸ் கால் மாதிரித் தெரியும் இத்தாலியின் இடுப்புக்கு மேலே, மேற்குப் பக்கக் கடலோரம். லிகூரியா என்று பெயர். மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிற சீமை. சமதரை என்று ஒன்று கிடையாது.

பி.காம். படித்தவனுக்கு ஜெனோவா ஒரு புண்ணிய ஸ்தலம். சிரிக்காதீர்கள். 1347ஆம் வருஷத்துக் கடல் இன்சூரன்ஸ் பத்திரம் ஒன்று இந்த ஊரில் எழுதப்பட்டது. நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது என்று அதைத்தான் சொல்கிறார்கள். 1407இல் இங்கே சான் ஜார்ஜோ நிறுவனம் தொடங்கியது. அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்து, கடனுக்கு ஈடாக வரி வசூலிக்கும் உரிமையை வாங்கிக்கொண்டார்கள். பிறகு கோர்சிகா தீவையே கொஞ்ச காலம் நிர்வாகம் செய்தார்கள். கடன் கொடுத்த பேங்க் ஒரு தீவை ஆண்ட கதை எங்கள் ட்ரெயினிங் காலேஜில் யாரும் சொல்லித் தரவில்லை :-) 1805இல் நெப்போலியன் காலத்தில் மூடினார்கள். துறைமுகத்துக்கு எதிரே அந்தக் கட்டிடம் இன்றும் நிற்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது ஜெனோவாவைப் பற்றி இல்லை. அங்கிருந்து கிழக்கே லோக்கல் ரயிலில் முக்கால் மணிக்குள் வரும் சின்ன ஊர் கமோலியைப் பற்றியும், அதற்கும் அப்பால் இருக்கும் ஐந்து ஊர்களைப் பற்றியும்.

கமோலியில் இறங்கியபோது தூறல். துறைமுகத்தை ஒட்டி ஆறு மாடி, ஏழு மாடி வீடுகள். மஞ்சள், காவி, ரோஸ் என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். கடலிலிருந்து வருகிறவன் தன் வீட்டைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளத்தான் இத்தனை நிறம் என்று ஊரில் சொல்வார்கள். இதில் எவ்வளவு சரித்திரம், எவ்வளவு டூரிஸ்ட் கைடு சரக்கு என்று கேட்காதீர்கள். உற்றுப் பார்த்தால் பாதி ஜன்னல்கள் ஜன்னலே இல்லை. சுவரில் வரைந்த பெயிண்ட்! தங்கமணி ஒரு ஜன்னலைக் காட்டி, "இதுல யாரோ துணி காயப் போட்டிருக்காங்க, இது நிஜம்" என்றாள்.

19ஆம் நூற்றாண்டில் இந்தச் சின்ன ஊருக்கு 'ஆயிரம் வெள்ளைப் பாய்மரங்களின் ஊர்' என்று பெயர். ஒரு கப்பலை 24 பங்காகப் பிரித்து ஊர்க்காரர்களே வாங்கிக்கொள்வார்கள். கருங்கடல் துறைமுகங்களிலிருந்து கோதுமை ஏற்றி மேற்கே கொண்டுபோவது பெரிய பிழைப்பு. கப்பல் முழுகினால்? அதற்காக 1853இல் கப்பல்காரர்கள் ஒன்றுகூடித் தங்களுக்குள் ஒரு பரஸ்பர இன்சூரன்ஸ் சங்கம் ஆரம்பித்தார்கள். ஒருத்தன் கப்பல் போனால் நஷ்டத்தை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வார்கள். வெளியூர்க் கம்பெனிக்குப் பிரீமியம் போகாது. அடுத்தவன் கப்பலின் பாய் கிழிந்திருக்கிறதா, கேப்டன் குடிகாரனா என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். எங்கள் க்ரெடிட் டிபார்ட்மெண்டில் பத்து ஃபாரம் நிரப்பியும் கிடைக்காத தகவல் இது.

இவ்வளவும் எதனால் போனது? நீராவிக் கப்பலால். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது, அதில் பாய்மரத்துக்கு வசதி இல்லை. நீராவிக் கப்பல் வாங்குகிற முதல், 24 பங்கு போட்டாலும் ஊரில் புரளவில்லை. ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறைக்குள் வெள்ளைப் பாய்கள் காணாமல் போயின. மாலுமிகளை உருவாக்கும் நாட்டிக்கல் ஸ்கூலும், கடல் மியூசியமும், மேலே போஸ்கெட்டோ கோவிலில் புயலில் தப்பியவர்கள் நேர்த்திக்கடனாகக் கொடுத்த கப்பல் படங்களும்தான் மிச்சம். அந்தப் படங்களைப் பார்க்க வேண்டும். கரிய கடல், சாய்ந்த பாய்மரம், மூலையில் மேகத்துக்குள் மாதா.

கமோலியில் இன்னொரு விஷயம் என்னை நிறுத்தியது. இங்கே சூரை மீன் பிடிக்கப் பழைய முறை வலை ஒன்று இருக்கிறது. ஏப்ரலில் கடலில் இறக்கி செப்டம்பரில் எடுக்கிறார்கள். அந்த வலை தேங்காய் நாரில் பின்னியது. தென்னை வளராத ஊரில் தென்னங்கயிறு! பிளாஸ்டிக் வலை கிடைக்காமல் இல்லை. நாரில்தான் பாசி பிடிக்கும், பாசிக்கு மீன் வரும், உபயோகம் முடிந்தால் கடலிலேயே மக்கிப்போகும். அதனால் வருஷா வருஷம் புது வலை பின்ன வேண்டும். அதற்குக் குளிர்காலம்தான் நேரம். மீன் கோடையில், வலை குளிர்காலத்தில்.

மத்தியானம் ஃபரினாட்டா சாப்பிட்டோம். கடலைமாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு. பெரிய செப்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுட்டெடுக்கிறார்கள். சைவக்காரர்கள் கவலைப்படாமல் போகலாம். "கொஞ்சம் பெருங்காயமும் பச்சை மிளகாயும் போட்டிருக்கலாம்" என்பது வீட்டுத் தீர்ப்பு.

மறுநாள் இன்னும் கிழக்கே, சிங்க்வே தெர்ரே. 'ஐந்து நிலங்கள்' என்று அர்த்தம். மொந்தெரொஸ்ஸோ, வெர்னாட்சா, கோர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே என்று ஐந்து ஊர்கள். ஐந்திலும் சேர்த்து நிரந்தர ஜனத்தொகை நாலாயிரத்துக்கும் குறைவு. வருஷத்துக்கு வருகிற டூரிஸ்டுகள் இருபது லட்சத்துக்கும் மேல். 1874இல் ரயில் வரும்வரை படகை விட்டால் கழுதைப் பாதைதான்.

கோடையில் வருபவர்கள் கடலையும் நிற நிறமான வீடுகளையும் பார்ப்பார்கள். நவம்பரில் கடலில் பார்க்க ஒன்றுமில்லாததால் நாங்கள் மலையைப் பார்த்தோம். மலை முழுக்கப் படிக்கட்டு. ஊருக்குப் பின்னாலிருந்து உச்சி வரைக்கும் கல் சுவர் கட்டி, அதன் பின்னால் மண் நிரப்பி, ஒரு முழம் இரண்டு முழம் அகலத்துக்கு வயல் மாதிரிச் செய்து திராட்சை போட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட ஆயிரம் வருஷமாக நடக்கும் வேலை. சுவரில் சுண்ணாம்பு, சிமெண்ட், சாந்து எதுவும் கிடையாது. கல் மேல் கல். அவ்வளவுதான்.

அறுவடை முடிந்து, திராட்சையை உலர்த்தி, நவம்பரில் பிழிந்து வைப்பது வரை ஒரு கட்டம். அதற்கப்புறம் குளிர்காலம் முழுக்கச் சுவர் வேலை. மழையில் எங்கே வயிறு தள்ளியிருக்கிறது, எங்கே சரிந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கட்ட வேண்டும். மனரோலாவுக்கு மேலே ஒரு பெரியவர் அப்படித்தான் கட்டிக்கொண்டிருந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். மகள் அவளுடைய அரைகுறை இத்தாலியனில் பேச்சுக் கொடுத்தாள்.

"அப்பா, முன்பக்கம் பெரிய கல்லு, பின்பக்கம் சின்னச் சின்னக் கல்லுன்னு சொல்றார். தண்ணி அது வழியா வடிஞ்சு போகணுமாம். தண்ணிய மறிச்சா சுவர் நிக்காதாம்."

"சிமெண்ட் போட்டா என்னன்னு கேளு."

கேட்டாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பவும் கல்லை எடுத்துக்கொண்டார்.

கணக்குப் பார்க்கிறவன் பாஷையில் சொன்னால், இந்தச் சுவர் ஒரு தடவை முதல் போட்டுக் கட்டிய சொத்து இல்லை. வருஷா வருஷம் தேய்மானம் ஆகிக்கொண்டே இருப்பது, வருஷா வருஷம் செலவு எழுதியே ஆக வேண்டியது. எழுதத் தவறினால் உடனே ஒன்றும் ஆகாது. அதுதான் ஆபத்து.

எப்போது தவறியது என்று பார்த்தால் அதுவும் 1869தான். பக்கத்து லா ஸ்பெட்ஸியாவில் கடற்படைத் தளவாடத் தொழிற்சாலை அந்த வருஷம் திறந்தது. ஐந்து வருஷத்தில் ரயிலும் வந்துவிட்டது. மாதச் சம்பளம், மழையோ வெயிலோ கவலையில்லை. திராட்சைக்காரன் பையன் கல் சுமப்பானா, ரயில் ஏறுவானா? 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி கொடிகளின் வேரைத் தின்றது. போனவர்கள் திரும்பி வர இருந்த காரணமும் குறைந்தது. ஒரு காலத்தில் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் இருந்த திராட்சை இன்று நூறு ஹெக்டேர் அளவில் நிற்கிறது. யுனெஸ்கோ 1997இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, 1999இல் தேசியப் பூங்கா ஆனது. போர்டு வைத்துவிட்டார்கள். கல் தூக்குவது யார்?

2011 அக்டோபர் 25. சீசன் முடிகிற நேரம். சில மணி நேரத்துக்குள் பேய் மழை. வெர்னாட்சாவின் பிரதான தெருவுக்கு அடியில்தான் அந்த ஊர் ஓடை ஓடுகிறது, மேலே மூடித் தெருவாக்கிவிட்டார்கள். மலையிலிருந்து மண்ணும் கல்லும் மரமும் அந்தத் தெரு வழியாகவே இறங்கின. கடைகள் கூரை வரை சேற்றில் புதைந்தன. வெர்னாட்சாவில் மட்டும் மூன்று பேர் இறந்தார்கள். ரோடும் ரயிலும் துண்டிக்கப்பட்டு, ஜனங்களைக் கடல் வழியாகத்தான் வெளியேற்ற முடிந்தது.

அந்த மழைக்கு எந்த மலையும் கொஞ்சம் சரிந்திருக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் பிறகு ஆராய்ந்தவர்கள் கண்டது இதுதான். அதிகம் சரிந்தவை பராமரித்த படிகள் இல்லை. ரொம்பக் காலம் முன்பே கைவிட்டுக் காடாகிப்போன படிகளும் இல்லை. சமீபத்தில் கைவிட்ட படிகள்தான். கொடியும் இல்லை, மரமும் இன்னும் வேர் பிடிக்கவில்லை, சுவரைப் பார்க்க ஆளும் இல்லை. அந்த இடைப்பட்ட நிலைதான் ஊரை அடித்தது.

இதை வெர்னாட்சாவில் திறந்திருந்த ஒரே காபிக் கடையில் உட்கார்ந்து மகள் போனில் படித்துச் சொன்னாள். எனக்குக் கொசுவத்தி சுத்த ஆரம்பித்துவிட்டது. தாமிரபரணிக் கரையில் எங்கள் வீடு. கொல்லைப்பக்கம் வாய்க்காலை ஒட்டி ஒரு கல்கட்டு. அப்பா இருந்தவரை தை பிறந்ததும் ஆள் வைத்துச் சரி பார்ப்பார். அண்ணன் பெங்களூர், நான் மும்பை, தங்கை துபாய். அப்பா போய்ப் பதினைந்து வருஷம். மூன்று பேரும் நன்றாகத்தான் சம்பாதிக்கிறோம். யார் பங்கு எவ்வளவு என்பதில் பேச்சு வந்து, பிறகு பேச்சே வரவில்லை. அதற்கு முந்தின டிசம்பர் வெள்ளத்தில் கட்டு விழுந்து, பக்கத்து வீட்டு ஆச்சியின் மாட்டுத் தொழுவத்துக்குள் தண்ணீர் போனது. மாட்டை அவிழ்த்துவிட்டார்களாம். ஆச்சி எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது அங்கே சுவர் வேலையைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சாந்தில்லாக் கல்கட்டுக் கலையை 2018இல் யுனெஸ்கோ இத்தாலி உட்பட எட்டு நாடுகளுக்குச் சேர்த்துப் பட்டியலிட்டது. அறுவடையைக் கீழே இறக்க ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு குட்டி வண்டி மலையேறி இறங்குகிறது. மனரோலாவுக்கும் ரியோமஜோரேவுக்கும் நடுவே 'காதல் பாதை' என்று பிரபலமான கடலோர நடைபாதை இருக்கிறது. 1920களில் ரயில் சுரங்கம் வெட்டும்போது வெடிமருந்தை ஊருக்குத் தள்ளி வைக்கப் போட்ட வழியிலிருந்து வந்தது அது. 2012இல் பாறை விழுந்து மூடி, முழுசாகத் திறக்க 2024 ஆகிவிட்டது. பன்னிரண்டு வருஷம். நாங்கள் போனபோது அங்கே எங்களைத் தவிர ஒரு ஜோடியும் ஒரு பூனையும்.

சாயங்காலம் சீக்கிரமே இருட்டு. ஸ்டேஷனுக்குப் போகும்போது மேலே திரும்பிப் பார்த்தேன். பெரியவர் கிளம்பிவிட்டிருந்தார். காலையில் பொக்கையாக இருந்த இடத்தில் இரண்டடி உயரத்துக்குச் சுவர் வந்திருந்தது.

ரயிலில் உட்கார்ந்து அண்ணனுக்கு போன் போட்டேன். நம்மூரில் இரவு ஒன்பதரை. "என்னடா, ஏதும் பிரச்சினையா?" என்று பதறினான். கல்கட்டு விஷயம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "முழுச் செலவையும் நீ போட வேண்டாம், பாதி நான் தரேன். தங்கச்சிகிட்ட கேக்காதே, அவ வீட்டுக் கடன் கட்டிக்கிட்டிருக்கா" என்றான்.

கொத்தனார் பொங்கல் கழிந்து வருவதாகச் சொன்னார். சிமெண்ட் போட்டுத்தான் கட்டுவாராம். தண்ணீர் வடிய நாலு பைப்பாவது வையுங்கள் என்று கெஞ்சி ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறேன்.