சுண்டு அரிசிக் கணக்கு

தீபாவளி கிட்ட வந்தா பேப்பர்ல ஒரு செய்தி கட்டாயம் வரும். தோட்டத் தொழிலாளருக்கு முற்பணம் "வழங்கப்படும்". வெளியில இருந்து வாசிக்கிறவங்களுக்கு அது ஏதோ அன்பளிப்பு மாதிரித் தெரியும். அது கடன். பண்டிகை முடிஞ்சதும் மாசாமாசம் சம்பளத்துல கழிபடும்.

இந்த வழக்கத்துக்கு வயசு அதிகம். 19ஆம் நூற்றாண்டுல தென்னிந்தியாவில இருந்து ஆள் கட்டிக்கிட்டு வந்த கங்காணி, பெரும்பாலும் சொந்த ஊர்க்காரன், சில நேரம் சொந்தக்காரன். வழிச்செலவுக்குக் குடுத்தான். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் குடுத்தான். மாமா முறை சொல்லிக் கை நீட்டினவங்களுக்கு மாமா முறையிலதான் குடுத்தான். ஆனா எல்லாமே பற்றுல ஏறிச்சு. வேற தோட்டத்துக்குப் போகணும்னா "துண்டு" வேணும். இவ்வளவு கடனைக் கட்டினா இந்த ஆளை விடலாம்னு எழுதின சீட்டு அது. புதுத் தோட்டம் அந்தக் காசைக் கட்டும். கடன் தீராது, கூடவே இடம் மாறும். 1921ல சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழிச்சாங்க. 1927 சம்பளச் சட்டத்துக்கு அப்புறம் குறைஞ்ச விலையில அரிசி குடுக்கணும்னு ஆச்சு. அதையும் சம்பளத்துலதான் கழிச்சாங்க.

அதாவது மேல இருந்து வந்தது எதுவும் சும்மா வரல. நம்ம வரலாற்றுப் புத்தகங்கள்ல இந்தக் கடன் நிறையவே இருக்கு. ஒரே லயத்துக்குள்ள, ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவுல நடந்த குடுக்கல் வாங்கலைப் பத்தி அவ்வளவா எழுதினதில்ல. யாரும் எழுதி வைக்கலையே!

பத்தடிக்குப் பன்னிரண்டு அடி காம்பரா. நடுவுல ஒரு சுவர். அந்தப் பக்கம் அடுப்பு பத்தலைன்னா இந்தப் பக்கம் தெரிஞ்சிடும். அதனால வாய் விட்டுக் கேக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. சுண்டுல அளந்து ஒரு புள்ள கையில குடுத்து அனுப்புவாங்க. கறி போன கோப்பை வெறுங்கோப்பையா திரும்பாது. ஒண்ணும் இல்லாட்டி ரெண்டு பச்சை மிளகாயாவது அதுல கிடக்கும். காசுன்னா கைமாத்து, வட்டி கிடையாது. கல்யாண மொய்யை மட்டும் நோட்டுல எழுதுவாங்க. அதுவும் திருப்பிச் செய்யும்போது கொஞ்சம் கூட்டிச் செய்யணும்கிறதுக்காக. சரியா அதே தொகையைத் திருப்பினா உறவை முடிச்சிக்கிறான்னு பேசுவாங்க.

இதை நடத்தினது பொம்பளைங்க. கொழுந்து பறிச்ச அவங்களுக்கு ஆம்பளைக்குச் சமமான சம்பளம் 1984லதான் வந்துச்சு. பல வீட்டுல அந்தச் சம்பளத்தையும் புருஷன்தான் போய் வாங்கினான். அவங்க கையில முழுசா இருந்தது அரிசிப் பானை ஒண்ணுதான்.

அந்தப் பானையும் காலியான காலம் 1973, 74. அரிசிப் பங்கீடு குறைஞ்சுது, மாவும் பாணும் கிடைக்கல, வேலை நாளும் குறைஞ்சுது. தோட்டங்கள்ல பட்டினிச் சாவு விழுந்தது. எங்க பாட்டி அந்தப் பசியைப் பத்தி அதிகம் பேச மாட்டா. சொன்னது ஒண்ணே ஒண்ணு. ஒருநாள் ராத்திரி எங்கேயோ கிடைச்ச மரவள்ளிக்கிழங்கை அவிக்கும்போது கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாளாம். பக்கத்துக் காம்பராவுல நாலு புள்ளைங்க. வாசனை போயிருக்கும்னு அவளுக்கும் தெரியும். யாரும் வந்து தட்டல. "தட்டியிருந்தா குடுத்திருப்பேனோ என்னமோ" என்பா.

இதைக் கேட்டதில இருந்து, "ஏழைங்கதான் மனசார குடுப்பாங்க"ன்னு யாராவது சொன்னா எனக்குச் சங்கடமா இருக்கும். குடுக்கிறதுக்கு மனசு போதாது, கிழங்கும் வேணும்.

அதுக்கு முந்தியே, 1964ல கொழும்புக்கும் டெல்லிக்கும் நடுவுல ஒரு பங்கு பிரிப்பு நடந்து முடிஞ்சிருந்தது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 1948ல குடியுரிமை இல்லாம ஆக்கப்பட்ட சனத்துல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974ல பாதிக்குப் பாதியாப் பிரிச்சாங்க. ஒரே குடும்பத்துல அண்ணன் அங்கே, தங்கச்சி இங்கே. 1924ல பதுளை வரைக்கும் வந்து நின்ன ரயில் பாதையிலதான் எல்ல, தெமோதர, பண்டாரவளைச் சனமும் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், கப்பல்ல ராமேஸ்வரம் போனாங்க. ஸ்டேஷன்ல எழுந்த அழுகைக்காக அதுக்கு ஒப்பாரிக் கோச்சின்னே பேர். போனவங்கள்ல ஒரு பகுதி நீலகிரியில, 1968ல தமிழ்நாட்டு அரசு தொடங்கின தேயிலைத் தோட்டத்துல மறுபடியும் கொழுந்துக்கே போனாங்க.

மொய் நோட்டு என்ன ஆச்சு? நோட்டு இருந்துச்சு. செய்ய வேண்டிய வீடு இல்லாமப் போச்சு. இருபது வருஷமா செஞ்சவங்களுக்கு, அவங்க மக கல்யாணத்துல திருப்பிச் செய்ய வழியே இல்ல. துண்டுக் கடன் ஆளோடயே போனது. இந்தக் கடன் இங்கேயே நின்னுடுச்சு.

பக்கத்துக் காம்பராக்காரங்களுக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்துச்சு. போறதுக்கு முதல் நாள் அந்த அம்மா தன்னோட அம்மியைத் தள்ளிக்கிட்டு வந்து எங்க இஸ்தோப்புல வச்சாங்களாம். "இதைத் தூக்கிட்டு எங்க போறது அக்கா, நீங்க வச்சிக்கோங்க." பாட்டி முதல்ல வேணாம்னாளாம். அப்புறம் உள்ள போய், இருந்த அரிசியை அளந்து ஒரு துணியில கட்டிக் குடுத்திருக்கா. கோச்சியில சாப்பிடச் சோறாக்கிக் கட்டிக்கோங்கன்னு. எத்தனை சுண்டுன்னு கேட்டேன். "அளந்ததை எல்லாம் சொல்லக் கூடாது" என்றா.

அம்மி இப்பவும் எங்க வீட்டுலதான் இருக்கு. மிக்ஸி வந்த பிறகு அம்மா அதுல மிளகு மட்டும் இடிப்பாங்க. அதை யாராவது "நம்ம அம்மி"ன்னு சொன்னா பாட்டி திருத்துவா: "அவங்க அம்மி."