நாற்காலிக் கைப்பிடியின் மேல் ஒரு பலகை

முடிதிருத்தும் கடையில் வயது வித்தியாசம் ஒரு பொருட்டா என்று இன்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. முடி வெட்டப் போகிற இடத்தில் வயதுக்கு என்ன வேலை? பிறகு சுவா சூ காங்கில் மாதம் ஒருமுறை நான் போகும் கடையை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் இரண்டு நாற்காலி போட்ட சின்னக் கடை அது. ஒரு நாற்காலிக்குப் பின்னால் எழுபதைத் தாண்டிய பெரியவர். மற்றொன்றுக்குப் பின்னால் ஜொகூரிலிருந்து நாள்தோறும் வந்து போகும் ஓர் இளைஞர். பள்ளிக்கூடத்துப் பையன்கள் வந்தால் பெரியவரின் நாற்காலி காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார்கள். "பரவாயில்லை அங்கிள், வெயிட் பண்றேன்" என்பார்கள். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொள்வார். என்னைப் போன்ற நரைத்த தலைகள் வந்தால் கதை தலைகீழ். இளைஞர் துண்டை உதறிக்கொண்டு நிற்பார், நாங்கள் பெரியவருக்காகக் காத்திருப்போம். கடையில் கோடு எதுவும் போட்டு வைக்கவில்லை. ஆனாலும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது.

இந்தக் கோட்டுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதைச் சொல்ல நம் தாத்தாக்களின் ஊரிலிருந்து தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் முடி திருத்தியவர்களுக்கு மருத்துவர் என்ற பெயரும் உண்டு. வெறும் மரியாதைக்காகச் சொன்ன பெயர் இல்லை அது. கட்டி அறுப்பதும் புண்ணுக்கு மருந்து போடுவதும் அவர்கள் வேலையாக இருந்தன. அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். மருத்துவச்சி என்ற சொல் அப்படி வந்ததுதான். குழந்தையை இந்த உலகத்துக்கு எடுத்துக் கொடுத்தது அந்த வீட்டுக் கை, முதல் முடி இறக்கியது அந்த வீட்டுக் கத்தி. கல்யாண மாப்பிள்ளைக்குச் சவரம் செய்ததும் கடைசியில் இழவு வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்ததும் அவர்களே. ஒரு மனிதனின் எல்லா வயதையும் தொட்டுப் பார்த்த குடும்பம் ஊரில் அது ஒன்றுதான். கூலி என்று கையில் காசு வாங்கியது குறைவு. அறுவடை நாளில் களத்தில் நெல் அளந்து கொடுத்தார்கள்.

இத்தனை செய்தவருக்குக் கிடைத்த மரியாதை என்ன? அறுபது வயது பெரியவரைப் பண்ணையார் வீட்டுப் பத்து வயதுப் பையன் "வாடா" என்று கூப்பிடுவான். அவரும் குனிந்துகொண்டு "சொல்லுங்க தம்பி" என்பார். மற்ற எந்த விஷயத்திலும் வயதில் மூத்தவரை ஒருமையில் பேசினால் பையனுக்கு முதுகில் அடி விழும். இங்கே மட்டும் விழாது. சாதி என்று ஒன்று உள்ளே வந்ததும், தமிழன் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மூத்தோர் மரியாதை வாசலோடு நின்றுவிட்டது. நம் பாட்டன்மார் மேல் எனக்கு மதிப்பு உண்டு. அதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது.

அப்படிப்பட்ட ஊர்களிலிருந்து வந்தவர்கள்தான் கப்பல் ஏறி இங்கே கடை வைத்தார்கள். 1926 முதல் 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய ரஜூலா கப்பலை இன்றும் முதியவர்கள் மறக்கவில்லை. அதன் தளத்தில் மூட்டையோடு உட்கார்ந்து வந்தவர்களில் கத்தியும் கத்தரிக்கோலும் கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். சிராங்கூன் சாலைப் பக்கமும் தேக்காவிலும் அவர்கள் தொழில் செய்தார்கள். இங்கே நெல் கிடையாது. வெட்டினால் காசு, அவ்வளவுதான். நாற்காலியில் உட்காருபவர் சீனராக இருக்கலாம், மலாய்க்காரராக இருக்கலாம், வெள்ளைக்காரராகவும் இருக்கலாம். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று அவர்களுக்குத் தெரியாது, தேவையும் இல்லை.

1929 இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார், சிங்கப்பூரிலும் பேசினார். பின்னர் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவாயிற்று. 1935ல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' தொடங்கினார். இவற்றால் மட்டும் சாதி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கல்யாணப் பேச்சு வந்தால் அது இன்னும் எட்டிப் பார்க்கிறது. ஆனால் கடைக்குள் ஒரு மாற்றம் வந்தது. முடி வெட்டுகிறவரை நம் பிள்ளைகள் "அண்ணே" என்றார்கள். பிறகு வந்த பிள்ளைகள் "அங்கிள்" என்றார்கள். ஊரில் பறிபோன வயது அந்த மனிதருக்கு இந்த ஊரில் திரும்பக் கிடைத்தது. என் கணக்கில் இது சின்னச் செய்தி இல்லை.

சீனர்களுக்கும் முடியில் ஒரு வயதுச் சண்டை இருந்தது. மஞ்சு அரசு 1645ல் ஆண்கள் முன்தலையை மழித்துப் பின்னால் சடை விட வேண்டும் என்று கட்டளையிட்டது. அந்தச் சடையோடுதான் அவர்கள் இங்கேயும் வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டாக்டர் லிம் பூன் கெங் சடையை வெட்ட வேண்டும் என்று சிங்கப்பூரில் இயக்கம் நடத்தினார். அவர் 1869ல் பிறந்தவர், அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. பெரியவர்கள் கொதித்தார்கள். முன்னோரை அவமதிக்கிறான் என்றார்கள். 1911ல் சீனாவில் புரட்சி வந்த பிறகுதான் சடைகள் கூட்டங்கூட்டமாக விழுந்தன. நம் பக்கத்திலும் ஏறக்குறைய அதே காலத்தில் குடுமிக்கும் கிராப்புக்கும் வீட்டுக்கு வீடு சண்டை. மகன் கிராப்பு வைத்துக்கொண்டு வந்தால் அப்பா முகம் கொடுத்துப் பேச மாட்டார். இரண்டு இடத்திலும் நடுவில் மாட்டிக்கொண்டவர் முடி வெட்டியவர்தான். வெட்டச் சொன்னவன் இளைஞன், வசை வாங்கியவர் இவர்.

அடுத்த சண்டை நமக்கே நினைவிருக்கும். எழுபதுகளில் நீண்ட முடிக்கு எதிராக அரசாங்கம் இயக்கம் நடத்தியது. நீள முடி வைத்த ஆண்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று அரசு அலுவலகங்களில் சுவரொட்டி ஒட்டினார்கள். நீள முடி என்றால் எது என்பதற்குப் படமும் உண்டு. முன்முடி புருவத்தைத் தொடக்கூடாது, காதை மூடக்கூடாது, சட்டைக் கழுத்துப்பட்டிக்குக் கீழே இறங்கக்கூடாது. 1972ல் லெட் ஸெப்லின் இசைக்குழு முடி காரணமாகவே இங்கே பாட முடியாமல் போனது. 1984ல் ஜப்பானிய இசைக்கலைஞர் கிட்டாரோவுக்கும் அதே கதி. வீட்டில் அப்பா, வெளியே அரசாங்கம், இருவரும் சேர்ந்து பையனை இந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். "நல்லா ஒட்ட வெட்டுங்க" என்று அப்பா சொல்வார். "கொஞ்சம் விடுங்கண்ணே" என்று பையன் கண்ணாடியில் கண்ணைக் காட்டுவான். யாருக்குக் கீழ்ப்படிவது? காசு கொடுப்பது அப்பா. மறுமாதம் வரப்போவது பையன். நல்ல தொழிலாளி அப்பா பார்க்கும் பக்கம் குட்டையாகவும் பின்னால் ஒரு விரல்கடை கூடுதலாகவும் விட்டு அனுப்புவார். அன்று ஒரு விரல்கடைக்குப் போராடியவர்களுக்கு இன்று எழுபது வயது. போராடுவதற்குத் தலையில் ஒன்றும் மிச்சமில்லை!

1967ல் தேசிய சேவை வந்ததிலிருந்து பதினெட்டு வயதில் எல்லாப் பையன்களுக்கும் ஒருநாள் மொட்டைதான். மலாயில் 'போத்தாக்' என்போம். அங்கே பேரம் கிடையாது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். முடிதிருத்துநருக்கு வயது ஏறிக்கொண்டே போனதற்கு அவர் மட்டும் காரணம் இல்லை. 1953 ஆகஸ்டில் புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்தது. நினைத்தபோது ஊரிலிருந்து தம்பியையும் மச்சானையும் அழைத்து நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தும் வழக்கம் அதோடு இறுகிப்போனது. இன்றைய விதியும் கடினமானதுதான். சேவைத் துறையில் வேலை அனுமதிச் சீட்டில் வேலைக்கு எடுப்பதென்றால் பொதுவாக மலேசியா, சீனா, ஹாங்காங், மக்காவ், தைவான், தென்கொரியா ஆகிய இடங்களிலிருந்துதான் எடுக்கலாம். 2023 செப்டம்பரில் இந்திய உணவகச் சமையல்காரர்களுக்கு ஒரு கதவு திறந்தது. மலேசியாவிலும் இதே தலைவலி. முடிதிருத்தும் கடைகளுக்கு வெளிநாட்டு ஊழியர் எடுப்பது 2009லிருந்து முடக்கப்பட்டு, 2023ல்தான் அந்நாட்டு அரசு தளர்த்தியது.

ஊரிலிருந்து ஆள் வரவில்லை என்றால் மகன் வரலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் வலி. தன் தொழிலை மகன் செய்யக்கூடாது என்பதற்காகவே இரவு ஒன்பது மணி வரை நின்றவர்கள் இவர்கள். ஊரில் ஒருமையில் கூப்பிடப்பட்ட நினைவு அவர்களை விடவில்லை. மகன் பல்தொழிற்கல்லூரிக்குப் போனான், அலுவலகத்துக்குப் போனான். அப்பா என்ன வேலை என்று கேட்டால் "கடை வைத்திருக்கிறார்" என்பான். என்ன கடை என்று சொல்ல மாட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு அப்படிச் சொல்லக் கற்றுக் கொடுத்தது நாம்தான்.

இதற்கிடையே 2002ல் ஜப்பானின் கியூபி ஹவுஸ் இங்கே வந்தது. இயந்திரத்தில் சீட்டு எடுக்க வேண்டும், பத்து நிமிடத்தில் வெட்டுவார்கள், அப்போது கட்டணம் பத்து வெள்ளி, உதிர்ந்த முடியைக் குழாய் உறிஞ்சிக்கொள்ளும். யார் மூத்தவர், யார் இளையவர் என்ற பேச்சே இல்லை, சீட்டு எண்தான் மூத்தது. கடைத்தொகுதிகளில் உள்ள பெரிய சலூன்களிலோ இருபது வயதுப் பெண் அறுபது வயது அம்மாவின் தலையைக் கழுவிவிடுகிறாள். பெண்கள் பக்கம் இன்னொரு அழகும் உண்டு. பேட்டைச் சலூன்களில் சீன ஆன்ட்டிகளும் அவர்களுக்கு முடி அலங்கரிப்பவரும் சேர்ந்தே மூப்படைகிறார்கள். சாயத்தின் நிறம்கூட இருவருக்கும் ஒன்றுதான்.

சுவா சூ காங் கடைக்கே திரும்புகிறேன். அந்த வட்டாரத்துக்கு எம்ஆர்டி வந்தது 1990 மார்ச்சில். இளம் தம்பதிகள் கைக்குழந்தையோடு புது வீட்டுக்கு வந்த காலம் அது. அப்போது நடுவயதில் இருந்த பெரியவர், நாற்காலியின் இரு கைப்பிடிகளுக்கும் குறுக்கே ஒரு பலகை போட்டு அதன்மேல் குழந்தைகளை உட்கார வைப்பார். உங்களில் பலர் அப்படி ஒரு பலகையில் உட்கார்ந்தவர்கள்தான். "இனிமே பலகை வேணாம், நாற்காலியிலேயே உட்காரு" என்று முடிவெட்டுகிறவர் சொன்ன நாளைவிடப் பெருமையான பிறந்தநாள் எனக்கு வாய்த்ததில்லை.

2020ல் கிருமித்தொற்று பரவியபோது ஏப்ரல் 22 முதல் மே 11 வரை முடிதிருத்தும் கடைகள் மூடிக் கிடந்தன. வீட்டுக்கு வீடு மகன் அப்பாவுக்கு முடி வெட்டினான். நானும் என் மகனிடம் தலையைக் கொடுத்தேன். காதுக்கு மேல் ஒரு பள்ளம் விழுந்தது. கடை திறந்த வாரம் பெரியவரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, யார் வெட்டியது என்று கேட்டார். சொன்னேன். "கை நடுங்கல, பழகினா வரும்" என்றார். தம் மகனைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

போன மாதம் போயிருந்தபோது ஓர் இளம் தகப்பன் மூன்று வயதுப் பிள்ளையோடு வந்தார். இளைஞரின் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. "அங்கிள், உங்ககிட்டதான் நானும் முதல்ல வெட்டிக்கிட்டேன்" என்று அவர் பெரியவரிடம் சொன்னார். பெரியவர் கதவுக்குப் பின்னால் கையை விட்டு எதையோ தேடினார். ஜொகூர் இளைஞர் எழுந்து போய்ப் பலகையை எடுத்துத் துடைத்து, கைப்பிடிகளின் மேல் வைத்துக் கொடுத்தார். பிள்ளையின் தலையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பெரியவர் காட்ட, அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.