பார்க்கப்படாத நரம்பு

கழுத்து வீக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு வந்த என் அத்தைக்குக் குரல் போயிற்று. தெருத்தெருவாகக் கீரை கூவி விற்றவள். 'குழாய் போட்டதுல தொண்டை புண்ணாயிருக்கும், சரியாப்போயிடும்' என்று அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து வேறொரு டாக்டர் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்துத்தான் இடது குரல் நாண் அசையவில்லை என்றார். டிஸ்சார்ஜ் சீட்டில் குரலைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்த இல்லாத வரிக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

குரல் நாணை அசைக்கும் நரம்பு நேர்வழியில் வருவதில்லை. நெஞ்சுக்கு இறங்கி, இடப்பக்கம் பெருந்தமனி வளைவையும் வலப்பக்கம் கைக்குப் போகும் தமனியையும் சுற்றிக்கொண்டு, தைராய்டின் பின்புறமாகக் குரல்வளைக்கு ஏறுகிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டு ரோமில், கத்திக்கொண்டிருந்த பன்றியின் கழுத்தில் காலென் இதை வெட்டிக் காட்டினார். பன்றி துள்ளிக்கொண்டே இருந்தது. சத்தம் மட்டும் நின்றது. குரல் இதயத்திலிருந்து வருகிறது என்றவர்களை மறுத்து மூளையிலிருந்து என்று நிறுவ, ஒரு பன்றி ஊமையானது. ஆக, எதை வெட்டினால் குரல் போகும் என்பது பழைய சங்கதி.

1860களில் சூரிச்சில் பில்ரோத் தைராய்டை அறுத்தவர்களில் பத்துக்கு நாலு பேர் செத்தார்கள். 1909இல் நோபல் பெற்ற பெர்ன் நகரத்துக் கோக்கர் அந்தச் சாவை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தார். பிழைத்ததே பெரிசு என்றிருந்த காலத்தில் குரல் இரண்டாம்பட்சம்தான். பிறகு ஒரு கோட்பாடு வந்தது: நரம்பைத் தேடாதே, கண்ணில் பட்டால் காயம்பட்டது என்றே அர்த்தம். 1938இல் பாஸ்டனில் ஃபிராங்க் லாஹே இதைத் தலைகீழாக்கினார்: ஒவ்வொரு முறையும் நரம்பைத் தேடிக் கண்ணால் பார்த்துக்கொண்டே அறு. இன்று உலகெங்கும் அதுதான் பாடம்.

ஃபூக்கோவைப் படித்துவிட்டு, மருத்துவப் பார்வை என்றாலே அதிகாரம் என்று எழுதித் தள்ளியவன் நான். அத்தை விஷயத்தில் அது உதவவில்லை. இங்கே அதிகாரம் பார்க்காமல் விட்டதில் இருக்கிறது.

அபாயக் காரணங்கள் என்று பாடப்புத்தகம் சொல்வன: ஏற்கெனவே அறுத்த கழுத்தின் தழும்பு, புற்றுநோய், நெஞ்சுக்குள் இறங்கிய வீக்கம், முழுச் சுரப்பியையும் எடுப்பது, நரம்பு முன்கூட்டியே கிளை பிரிவது. இவை உடம்பில் இருப்பவை. வருஷத்துக்கு ஒன்றிரண்டு மட்டுமே செய்து பழகிய கையும் ஒரு காரணம். யாருடைய கழுத்து எந்தக் கைக்குப் போகிறது என்பதை உடம்பு தீர்மானிப்பதில்லை. 25,000 நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வந்த ஒரு கட்டுரையில், செயலிழப்பு விகிதம் 2.3இலிருந்து 26 விழுக்காடு வரை போகிறது. குரல்வளையை எப்படிப் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்து இத்தனை வித்தியாசம்! ஒரு நாண் செத்தும் பேச்சு ஓரளவு தெளிவாக வரலாம். காதால் கேட்டு எண்ணினால் கணக்கு சிறுத்துவிடும்.

1935இல் சிகாகோவில் ஓபரா பாடகி கல்லி-குர்ச்சிக்குத் தைராய்டு அறுவை நடந்தது. அதில்தான் அவர் குரல் போயிற்று என்ற கதை பரவி, குரல்வளையின் மேல் நரம்புக்கு அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. அறுவைக்கு முன்பே குரல் தளர்ந்துவந்தது என்று 2001இல் இருவர் வாதிட்டார்கள். இருக்கட்டும், பாடகியின் குரலுக்கு விசாரணையாவது நடந்தது.

தொண்டைக்குள் பார்க்கப் பெரிய எந்திரமும் வேண்டாம். 1854இல் மானுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார், பல் வைத்தியர் கண்ணாடியையும் வெயிலையும் வைத்தே தன் குரல் நாண்களைப் பார்த்துவிட்டார். அத்தைக்கு முதல் வாரத்திலேயே அப்படிப் பார்த்திருந்தால் குரல் பயிற்சியை அப்போதே தொடங்கியிருக்கலாம். இப்போது கீரைக்கூடையோடு என் தங்கை மகன் கூடப் போகிறான், கூவுவதற்கு.